நெட் எங்கே நிற்கிறது?

“அண்ணே, நெட் வரலைண்ணே.”

“பெட்டிய ஆஃப் பண்ணி, ரெண்டு நிமிஷம் கழிச்சு ஆன் பண்ணிப் பாருங்க.”

கேபிள்காரருக்கும் வாடிக்கையாளருக்கும் எந்த ஊரிலும் நடக்கும் பேச்சு இது. பல நாள் இதோடு வேலை முடிந்துவிடும். முடியாத நாளில்தான் வீடே பதறுகிறது. பொறியியல் கலந்தாய்வுக்கு விருப்பப் பட்டியலைப் பதிய அன்றுதான் கடைசி நாள். மொபைலில் யூட்யூப் ஓடுகிறது, மாடியறையில் இருக்கும் கம்ப்யூட்டரில் மட்டும் ஒரு பக்கமும் திறக்கவில்லை. பெட்டியை அணைத்து அணைத்துப் போட்டாயிற்று. கடைசியில் யாராவது ஒருவர் குண்டூசியை எடுத்து, பெட்டியின் பின்னால் ‘ரீசெட்’ என்று எழுதியிருக்கும் சின்னத் துளைக்குள் அழுத்துகிறார். அதுவரை கம்ப்யூட்டருக்கு மட்டும் வராமல் இருந்த நெட், அதன்பிறகு வீட்டில் யாருக்கும் வருவதில்லை.

அணைத்துப் போடுவதும் ரீசெட் செய்வதும் வேறு வேறு வேலைகள். அணைத்துப் போட்டால் பெட்டியின் தற்காலிக நினைவு மட்டும் காலியாகும். ரீசெட் துளையை அழுத்தினால், இணைப்பு கொடுத்தவர்கள் முதல் நாள் வந்து பதிந்துவைத்த பயனர் பெயர், கடவுச்சொல், மற்ற அமைப்புகள் எல்லாம் அழிந்து, தொழிற்சாலையை விட்டு வந்தபோது இருந்த நிலைக்குப் பெட்டி போய்விடும். அதை மறுபடி பதிய ஆள் வர வேண்டும். கம்ப்யூட்டரில் இருந்த பழுதோ இருந்த இடத்திலேயே இருக்கும். அதனால் குண்டூசி வேண்டாம். அணைத்துப் போடுவதைக்கூட ஒரு நிமிடம் தள்ளிப்போடுங்கள். பழுதாகி நிற்கும் பெட்டியும் கம்ப்யூட்டரும், எங்கே பழுது என்பதை விளக்குகளாலும் எண்களாலும் காட்டிக்கொண்டிருக்கின்றன. அணைத்தால் அந்தத் தடயமும் போய்விடும்.

தறியில் பாவு நூல் ஒன்று அறுந்துவிட்டால் நெசவாளர் தறியைப் பிரித்துப் போடுவதில்லை. துணியில் கோடு விழுந்த இடத்தில் தொடங்கி அச்சு, விழுது, பாவு உருளை என்று பின்னோக்கி விரலை ஓட்டுவார். நூல் இருக்கும் இடத்துக்கும் இல்லாத இடத்துக்கும் நடுவே அறுந்த முனை அகப்படும். திருத்தணி, பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை வட்டாரத்தில் விசைத்தறியோடு வாழும் குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. நெட்வொர்க் பழுதுக்கும் அதே விரல்தான் வேண்டும். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் நெட்வொர்க் கார்டு, அங்கிருந்து லேன் வயர் அல்லது வைஃபை, கீழே வாசலருகே ரூட்டர் பெட்டி, அதிலிருந்து தெருக் கம்பத்துக்குப் போகும் ஃபைபர், கேபிள்காரரின் அலுவலகம், சென்னை, அதற்கும் அப்பால் கடல். இந்த வரிசையில் எதுவரை சரியாக இருக்கிறது என்று தெரிந்தால் போதும். அதற்கு அடுத்த கண்ணிதான் பழுது.

மொபைலில் நெட் வருகிறது என்பது நல்ல தடயம், ஆனால் பாதித் தடயம். அது வீட்டுப் பெட்டியின் வைஃபையில் வருகிறதா, சிம் கார்டின் டேட்டாவில் வருகிறதா என்று முதலில் பிரிக்க வேண்டும். வைஃபை செத்துப்போனால் இன்றைய மொபைல்கள் சத்தமில்லாமல் டேட்டாவுக்கு மாறிவிடும்.      ஆகவே மொபைல் டேட்டாவை நிறுத்திவிட்டு, வைஃபையில் மட்டும் ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். திறந்தால் ரூட்டர், ஃபைபர், கேபிள்காரர், சென்னை எல்லாமே சரி, பழுது கம்ப்யூட்டரிலோ, அதற்கும் ரூட்டருக்கும் நடுவிலோதான். திறக்காவிட்டால் கம்ப்யூட்டரைத் தொடவே வேண்டாம், பெட்டியிலிருந்து வெளியே தேட வேண்டும். பத்து வினாடிச் சோதனை, பாதி வழியைக் கழித்துவிடுகிறது.

பழுது உள்ளேதான் என்று தெரிந்தால் கம்ப்யூட்டரின் பின்பக்கம் போங்கள். மேசைக் கம்ப்யூட்டர்கள் பலவற்றில் வைஃபை கிடையாது. ஒன்று லேன் வயர் சொருகியிருக்கும், இல்லையென்றால் வைஃபையைப் பிடிக்கும் யூஎஸ்பி டாங்கிள். வயர் சொருகும் பொந்தின் இரண்டு மூலையிலும் இரண்டு சின்ன விளக்குகள் உண்டு. சாதாரணமாக ஒன்று நிலையாக எரியும், இன்னொன்று விட்டுவிட்டுத் துடிக்கும். இரண்டும் இருட்டாக இருந்தால் மின்சாரம் என்ற அளவிலேயே தொடர்பு இல்லை என்று பொருள். விண்டோஸில் எந்த அமைப்பை மாற்றியும் பயன் இருக்காது.

வயரின் முனையில் இருக்கும் கண்ணாடி நிறப் பிளாஸ்டிக் தலையில் ஒரு நாக்கு உண்டு. சொருகும்போது ‘டிக்’ என்ற சத்தத்தோடு பிடித்துக்கொள்வது அதுதான். மேசையை இழுத்துப் பெருக்கும்போது முதலில் உடைவதும் அதுதான். நாக்கு போன தலை பொந்துக்குள் நிற்கிற மாதிரியே தெரியும், ஆனால் ஒரு மில்லிமீட்டர் பின்னுக்கு வந்திருந்தாலும் உள்ளே இருக்கும் தகடுகள் தொடாது. விரலால் அழுத்திப் பிடித்து விளக்கு வருகிறதா என்று பாருங்கள். வந்தால் தலையை மாற்றினால் போதும். வராவிட்டால் வயரை ரூட்டரின் வேறு பொந்தில் சொருகிப் பாருங்கள். பிறகு நிச்சயமாக வேலை செய்யும் வேறொரு வயரைப் போட்டுப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். இரண்டை மாற்றி விளக்கு வந்துவிட்டால், எது கெட்டிருந்தது என்பது தெரியாமலே போகும்.

இந்த வயரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வீடுகளில் வரும் பழுதுகளில் மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுதான் என்பது என் கணிப்பு.

லேன் வயருக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடிகளாக முறுக்கப்பட்டிருக்கும். அந்த முறுக்கலுக்கு ஒரு காரணம் உண்டு. தொலைபேசிக் கம்பிகளுக்காக அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881-ல் கண்ட உத்தி அது. ஒரு ஜோடியின் ஒரு கம்பியில் மின்னழுத்தம் ஏறும்போது மற்றொன்றில் அதே அளவு இறங்கும். எதிர்முனையில் இருக்கும் கருவி இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் படிக்கும். வழியில் தறி மோட்டாரோ, டியூப்லைட்டோ, பக்கத்து மின்கம்பியோ இரைச்சலைக் கிளப்பினால், முறுக்கல் காரணமாக அது இரண்டு கம்பிகளிலும் ஏறத்தாழ ஒரே அளவில் ஏறும். வித்தியாசம் எடுக்கும்போது அந்த இரைச்சல் கழிந்துபோகும். மெல்லிய செம்புக் கம்பிகளில் நொடிக்குக் கோடிக்கணக்கான துடிப்புகள் குழம்பாமல் மாடி ஏறி வருவது இந்தக் கழித்தல் கணக்கால்தான்.

தலையில் எட்டுத் தகடுகளுக்கு 1 முதல் 8 வரை எண் உண்டு. ஒன்றும் இரண்டும் ஒரு ஜோடி, மூன்றும் ஆறும் ஒரு ஜோடி, நான்கும் ஐந்தும் ஒரு ஜோடி, ஏழும் எட்டும் ஒரு ஜோடி. நிறம் சொன்னால் வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. பச்சை ஜோடி மட்டும் நீலத்தின் இரண்டு பக்கமும் பிரிந்து நிற்பதைக் கவனியுங்கள். புதிதாக கிரிம்பிங் செய்பவர், அதாவது வயர் முனையில் தலையை அழுத்திப் பொருத்துபவர், கைக்கு இது வசதிப்படாது. ஆரஞ்சு இரண்டு, பச்சை இரண்டு, நீலம் இரண்டு, பழுப்பு இரண்டு என்று பக்கம் பக்கமாக அடுக்கி, இரண்டு முனையிலும் அதே வரிசையில் அழுத்திவிடுவார். கடைகளில் விற்கும் சின்ன டெஸ்டரில் சொருகினால் 1 முதல் 8 வரை எல்லா விளக்கும் வரிசையாக எரியும். “வயர் நல்லாத்தான் இருக்கு, கம்ப்யூட்டர்லதான் ஏதோ” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

டெஸ்டர் பார்ப்பது மின்சாரம் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகிறதா என்பதை மட்டும். மூன்றாவது தகடும் ஆறாவது தகடும் ஒன்றோடொன்று முறுக்கிய கம்பிகளா என்பது அதற்குத் தெரியாது. பக்கம் பக்கமாக அடுக்கிய வயரில் மூன்றாம் எண் பச்சை ஜோடியிலும் ஆறாம் எண் நீல ஜோடியிலும் போய் விழுகின்றன. இரைச்சல் இரண்டிலும் வேறு வேறு அளவில் ஏறும், கழித்தல் பலிக்காது. ஒன்றிரண்டு மீட்டர் வயரில் இந்தப் பிழை தெரியாமலே ஓடிவிடும். வாசலிலிருந்து மாடியறை வரை நீளும் வயரில்தான் விளக்கு வருவதும் போவதுமாக, பக்கம் பாதி திறந்து நிற்பதுமாக வதைக்கும். தறி ஓடும்போது மோசமாகவும் நிறுத்தியபின் பரவாயில்லாமலும் இருக்கலாம். வயர் உறைக்குள் ஒளிந்திருக்கும் இந்தப் பிழையைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். பிளாஸ்டிக் தலையை வெளிச்சத்தில் பிடித்து, நிற வரிசையைக் கண்ணால் படித்தாலே போதும்.

இன்னொன்று. நொடிக்கு 100 மெகாபிட் வேகத்துக்கு இரண்டு ஜோடி போதும், ஜிகாபிட் வேகத்துக்கு நான்கும் வேண்டும். எலி கடித்து நீல ஜோடியோ பழுப்பு ஜோடியோ போனால் இணைப்பு அறுவதில்லை, பெரும்பாலும் வேகம் மட்டும் 100-க்கு இறங்கிவிடும். ‘நெட் ஸ்லோ’ என்று கேபிள்காரரிடம் சண்டை போடுவதற்கு முன் இதைப் பார்க்கலாம்.

வயர் சரி, பெட்டியும் சரி, விளக்கு மட்டும் வரவில்லை என்றால் முந்தைய இரவு இடி இடித்ததா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். கோடை மழையிலும் ஐப்பசியிலும் இந்தப் பக்கம் மின்னல் கடுமையாக இருக்கும். லேன் பொந்துக்குப் பின்னால் விரல்நுனி அளவில் மின்மாற்றிகள் இருக்கின்றன. வயர்ப் பக்கத்தையும் கம்ப்யூட்டர்ப் பக்கத்தையும் அவை மின்னியல் ரீதியாகப் பிரித்துவைக்கும். 1,500 வோல்ட் வரை தாங்க வேண்டும் என்பது ஈதர்நெட் தரநிலையில் இருக்கும் விதி. மின்னல் வீட்டின் மேலேயே விழ வேண்டும் என்பதில்லை. அருகில் எங்கோ விழுந்தாலும், மொட்டைமாடி வழியாக வெளியே ஓடும் நீண்ட செம்பு வயரில் அதைவிடப் பல மடங்கு அழுத்தம் ஒரு கணத்துக்குத் தூண்டப்படும். மின்மாற்றி தோற்றுப்போய், அதன் பின்னால் இருக்கும் சிப் கருகும். கம்ப்யூட்டர் வழக்கம்போல ஓடும், நெட்வொர்க் மட்டும் செத்திருக்கும். இதற்காக மதர்போர்டையே மாற்றச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் தனி லேன் கார்டோ யூஎஸ்பி லேன் அடாப்டரோ போட்டால் அதே கம்ப்யூட்டர் மறுபடி பேசும். தெருவிலிருந்து வீட்டுக்கு வருவது கண்ணாடி இழையாக இருப்பதால் முன்புபோல் அந்த வழியில் மின்னல் வருவதில்லை. வீட்டுக்குள்ளும் மாடிக்கும் ஓடும் செம்பு வயருக்கும், சுவரில் இருக்கும் பிளக் பாயிண்டுக்கும் ஆபத்து அப்படியே இருக்கிறது. இடி கேட்டால் இரண்டையும் பிடுங்கிவைப்பதுதான் நல்லது.

டாங்கிள் வைத்திருப்பவர்களுக்கு வேறு வகைச் சிக்கல். வீட்டு வைஃபையின் பெயர் பட்டியலில் வரவே இல்லையென்றால், ரூட்டர் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலும் பழைய டாங்கிள் 2.4-ல் மட்டுமாகவும் இருக்கலாம். ரூட்டரில் 2.4-ஐயும் திறந்துவைத்தால் பெயர் தெரியும், கான்கிரீட் கூரையைத் தாண்டி மாடிக்கு ஏறவும் 2.4-தான் மேல். பெயர் தெரிந்தும் சரியான கடவுச்சொல்லை ஏற்க மறுத்தால், 2018-ல் வந்த டபிள்யூபிஏ3 என்ற புதிய பூட்டுமுறை ரூட்டரில் இருந்து, டாங்கிளுக்கு அது தெரியாமல் இருக்கலாம். இவை இரண்டும் சரியாக இருந்தும் இணைப்பு விட்டுவிட்டு வந்தால், டாங்கிள் எங்கே சொருகியிருக்கிறது என்று பாருங்கள். நீல நிற யூஎஸ்பி 3 பொந்துகளில் வேகமாகத் தரவு ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸை ஒட்டியே ரேடியோ இரைச்சல் கிளம்புகிறது என்று இன்டெல் நிறுவனம் 2012-ல் அளந்து காட்டியது. பின்பக்கத்தில், இரும்புக் கூட்டின் நிழலில், பக்கத்துப் பொந்தில் வெளி ஹார்ட் டிஸ்க் ஓட, சுவரைப் பார்த்து நிற்கும் டாங்கிளால் ரூட்டரைக் கேட்க முடியாது. ஒரு யூஎஸ்பி நீட்டிப்பு வயரில் மாட்டி மேசை மேல் கொண்டுவந்து வைத்தால் தீர்ந்துவிடும்.

விளக்கு எரிகிறது, வைஃபையும் பிடித்திருக்கிறது, ஆனாலும் நெட் இல்லை என்றால் அடுத்ததாக முகவரியைப் பார்க்க வேண்டும். விண்டோஸில் கறுப்புத் திரையான கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து ‘ஐபிகான்ஃபிக்’ என்று ஆங்கிலத்தில் அடித்தால் நாலு துண்டு எண் ஒன்று வரும். அது 192.168 என்று தொடங்கினால் பெரும்பாலும் நல்ல சேதி. 169.254 என்று தொடங்கினால் பழுது எங்கே என்று கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது.

வயரைச் சொருகியதும் கம்ப்யூட்டர் செய்யும் முதல் வேலை, “இங்கே முகவரி கொடுப்பவர் யாராவது இருக்கிறீர்களா?” என்று வீட்டு வலைப்பின்னல் முழுக்க ஒரு கேள்வியை அனுப்புவது. ரூட்டர் “இந்த எண் காலியாக இருக்கிறது” என்று பதில் சொல்லும். “அதையே எடுத்துக்கொள்கிறேன்” என்று கம்ப்யூட்டர் சொல்லும். “சரி, இத்தனை மணி நேரத்துக்கு அது உன்னுடையது” என்று ரூட்டர் முடிக்கும். 1993-ல் வரையறுத்த இந்த நாலு வாக்கிய நடைமுறைக்கு டிஎச்சிபி என்று பெயர். கேள்விக்குப் பதிலே வராவிட்டால், விண்டோஸ் 98 காலத்திலிருந்து கம்ப்யூட்டர் தானே 169.254 என்ற தொகுதியில் ஓர் எண்ணை எடுத்து மாட்டிக்கொள்ளும். அந்த எண்ணை வைத்துக்கொண்டு வீட்டுக்கு வெளியே போக முடியாது. ஆக, 169.254 என்பதைப் பார்த்தால், கம்ப்யூட்டர் கேட்டது, ரூட்டரிடமிருந்து பதில் வந்து சேரவில்லை என்று படித்துக்கொள்ளலாம். ரூட்டர் திணறிப்போயிருக்கலாம், வயர் அரைகுறையாக இருக்கலாம். ‘ஆஃப் பண்ணி ஆன் பண்ணு’ என்ற வைத்தியம் பலிப்பதற்குக் காரணமும் இங்கேதான் இருக்கிறது. திணறிய ரூட்டர் புதிதாக எழுந்து, கேள்விக்குப் பதில் சொல்லத் தொடங்கிவிடும். வெயிலும் திணறடிக்கும். வீட்டு ரூட்டர்கள் பலவற்றின் விவரத்தாளில் 40 டிகிரி செல்சியஸ் வரைதான் என்று போட்டிருக்கும். மே மாதத் திருத்தணியில் வெளிக்காற்றே அதைத் தாண்டிவிடுகிறது. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, பரணில், மூடிய டிவி அலமாரியில் இருக்கும் பெட்டியைக் காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுங்கள்.

192.168 என்று வந்தும் நெட் வரவில்லையா? வீட்டில் இணைப்பு நிறுவனம் அண்மையில் மாறியதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எப்போதோ ஒருவர் பிரிண்டருக்காகவோ பில்லிங் சாஃப்ட்வேருக்காகவோ இந்தக் கம்ப்யூட்டரில் முகவரியைக் கையால் அடித்து வைத்திருப்பார். பழைய பெட்டியின் முகவரி 192.168.1.1, கம்ப்யூட்டருக்கு 192.168.1.25. புதிதாக வந்த பெட்டியின் முகவரி 192.168.29.1 என்று வைத்துக்கொள்வோம். மொபைல்கள் புது முகவரியைக் கேட்டு வாங்கிக்கொண்டு ஓடுகின்றன. கம்ப்யூட்டரோ கேட்பதே இல்லை, இல்லாமல் போன 1.1-க்கே எல்லாவற்றையும் அனுப்பிக்கொண்டிருக்கிறது. நெட்வொர்க் அமைப்பில் ‘தானாகப் பெறு’ என்று ஒரே ஒரு இடத்தில் மாற்றினால் சரியாகிவிடும். கலந்தாய்வு நாளில் கம்ப்யூட்டர் மட்டும் நின்றுபோன வீடுகளில் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

முகவரியும் சரி என்று ஆனபின் எதுவரை போகிறது என்று அளக்க ‘பிங்’ இருக்கிறது. அந்த நிரல் பிறந்ததே ஒரு பழுதில்தான். 1983 டிசம்பரில், அமெரிக்க ராணுவத்தின் பாலிஸ்டிக் ஆய்வுக்கூடத்தில் நெட்வொர்க் விசித்திரமாக நடந்துகொண்டது. அங்கே வேலை செய்த மைக் மூஸ் என்பவர், எதிர்முனைக்கு ஒரு சிறு பொட்டலத்தை அனுப்பி, அது திரும்பி வர எவ்வளவு நேரமாகிறது என்று அளக்கும் நிரலை அவசரமாக எழுதினார். நீர்மூழ்கிகள் சோனார் ஒலி எழுப்பி எதிரொலியைக் கேட்பதால் அந்த ஒலியின் பெயரையே வைத்தார். அவர் முதல் பொட்டலத்தை அனுப்புவதற்குள் அந்தப் பழுதை வேறு யாரோ சரிசெய்துவிட்டார்கள். நிரல் நிலைத்துவிட்டது.

தான் கேட்டதிலேயே சிறந்த பிங் கதை என்று மூஸ் ஒன்றைச் சொல்லியிருக்கிறார். ஓர் அலுவலகத்தில் நெட்வொர்க் விட்டுவிட்டு அறுந்தது. அங்கிருந்த நிர்வாகி பிங்கைப் பேச்சு நிரலோடு இணைத்து, பதில் வரும்போதெல்லாம் கம்ப்யூட்டர் “பிங்” என்று சொல்லும்படி செய்து, ஸ்டீரியோவில் சத்தத்தை ஏற்றிவைத்தார். பிறகு கட்டடம் முழுக்க நடந்து, வயர் இணைப்புகளை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தார். எதை அசைத்தபோது சத்தம் நின்றதோ, அங்கே பழுது. இதை நம் வீட்டிலும் செய்யலாம். பிங்கைத் தொடர்ந்து ஓடவிட்டு, ஒருவர் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க, மற்றவர் வாசலிலிருந்து மாடிவரை வயரை அசைத்துக்கொண்டே வரட்டும்.

பிங்கை வரிசையாக அனுப்ப வேண்டும். முதலில் 127.0.0.1. அது கம்ப்யூட்டரின் சொந்த முகவரி, வெளியே எங்கும் போகாது. அதற்கே பதில் இல்லையென்றால் பழுது விண்டோஸுக்குள். அடுத்து ரூட்டர். அங்கிருந்து ஓரிரு மில்லிவினாடியில் பதில் வந்தால் வீட்டுக்குள் எல்லாம் சரி. அடுத்து 8.8.8.8 போன்ற வெளி முகவரி. ரூட்டர் பதில் சொல்லி வெளியிலிருந்து பதில் இல்லையென்றால் பெட்டியில் ‘லாஸ்’ என்று எழுதிய விளக்கைப் பாருங்கள். சிவப்பாக இருந்தால் ஃபைபரில் ஒளி வந்து சேரவில்லை. தெருவிலிருந்து வீட்டுக்கு வரும் ஒளியின் அலைநீளம் பெரும்பாலும் 1490 நானோமீட்டர், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. ஆகவே கழன்று கிடக்கும் ஃபைபர் முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்கக் கூடாது. கதவிடுக்கில் மடங்கியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கண்ணாடி இழை கூர்மையாக மடங்கினால் ஒளி அந்த வளைவில் வெளியே கசிந்துவிடும். குரங்குகள் திரியும் ஊர்களில் இன்னொரு வாய்ப்பும் உண்டு. வாரணாசியில் கங்கைக் கரையில் வைஃபைக்காகக் கட்டிய ஃபைபர் கேபிள்களைக் குரங்குகள் கடித்துப் போட்டது 2015-ல் உலகச் செய்தியானது.

பதில் வர ஆகும் நேரமும் ஒரு தடயம். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். திருத்தணியிலிருந்து சென்னை சுமார் 85 கிலோமீட்டர். போய்வர ஒரு மில்லிவினாடிகூட ஆகாது. 2002-ல் போட்ட சென்னை–சிங்கப்பூர் கடலடிக் கேபிள் சுமார் 3,200 கிலோமீட்டர், போய்வரச் சுமார் 32 மில்லிவினாடி. இடையில் இருக்கும் கருவிகள் இன்னும் கொஞ்சம் சேர்க்கும். ரூட்டருக்கே 200, 300 என்று காட்டினால் கோளாறு வீட்டுக்குள். ரூட்டருக்கு 1 காட்டி வெளிநாட்டுத் தளத்துக்கு மட்டும் எகிறினால், அது கடலில்கூட இருக்கலாம். 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் சென்னையைக் கடந்தபின் கடலடிக் கேபிள் ஒன்று சேதமாகி, இணையம் தள்ளாடியது. அப்படிப்பட்ட நாளில் வீட்டில் எந்த வயரைப் பிடுங்கியும் பயன் இல்லை.

எண்ணுக்கு பிங் போகிறது, பெயருக்குப் போகவில்லை என்று ஒரு நிலை உண்டு. தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் வேலை செய்யவில்லை என்பது அதன் பொருள். 1983-ல் பால் மோக்கபெட்ரிஸ் வடிவமைத்த அமைப்பு அது. கம்ப்யூட்டரிலோ ரூட்டரிலோ டிஎன்எஸ் முகவரியை மாற்றினால் வழி திறக்கும். சில நேரம் கோளாறு எதிர்முனையிலேயே இருக்கும். 2021 அக்டோபர் 4 இரவு ஃபேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் காணாமல் போயின. அந்த நிறுவனம் தன் வலைப்பின்னலுக்கு வரும் வழியைத் தானே தவறுதலாக அழித்துவிட்டதால், அதன் பெயர்களுக்கு எண் சொல்ல உலகில் யாரும் இல்லாமல் போனார்கள். வேறு ஒரு தளம் திறக்கிறதா என்று பார்த்தவர்கள் பெட்டியைத் தொடாமல் தூங்கப் போனார்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் பக்கம் திறக்காத ஒரு நிலை இன்னும் இருக்கிறது. பெரும்பாலும் மேசைக் கம்ப்யூட்டரில்தான் அது வரும். விளக்கு எரியும், முகவரி சரி, பிங் போகும், பெயரும் எண்ணாக மாறும். ஆனால் எந்தத் தளத்தைத் திறந்தாலும் ‘உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல’ என்ற எச்சரிக்கை வந்து நிற்கும். திரையின் வலது கீழ் மூலையில் தேதியைப் பாருங்கள். பத்துப் பன்னிரண்டு ஆண்டு பின்னால் போயிருக்கும்.

பாதுகாப்பான தளம் ஒவ்வொன்றும் தான் யார் என்பதற்கு ஒரு சான்றிதழைக் காட்டுகிறது. அதில் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை செல்லும் என்று எழுதியிருக்கும். கம்ப்யூட்டரின் கணக்கில் இன்னும் 2014 நடக்கிறது என்றால், அந்தச் சான்றிதழ் இன்னும் தொடங்கவே இல்லை. அதனால் பிரவுசர் எல்லாத் தளத்தையும் சந்தேகித்துக் கதவை அடைக்கிறது. லேப்டாப்பிலும் மொபைலிலும் பெரிய பேட்டரி இருப்பதால் அவற்றில் இது அபூர்வம். மேசைக் கம்ப்யூட்டரில் மதர்போர்டில் இருக்கும் 3 வோல்ட் பட்டன் பேட்டரிதான் கடிகாரத்தைக் காக்கிறது. பிளக் பாயிண்டில் மின்சாரம் இருக்கும்வரை அதற்கு வேலை குறைவு. நம் வீடுகளில் இரவு சுவர் சுவிட்சையும் சேர்த்து அணைத்துவிடுவோம். மின்வெட்டும் சேர்ந்துகொள்ளும். அந்த நேரமெல்லாம் கடிகாரம் பட்டன் பேட்டரியில்தான் ஓடுகிறது, சில ஆண்டில் அது தீர்ந்துவிடும்.

உடனடித் தேவைக்குத் தேதியையும் நேரத்தையும் கையால் திருத்தி, பிரவுசரை மூடித் திறந்தால் போதும். விருப்பப் பட்டியலைப் பதிந்துவிடலாம். மறுநாள் கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பக்கவாட்டுத் தகட்டின் இரண்டு திருகுகளைக் கழற்றுங்கள். 20 மில்லிமீட்டர் அகலத்தில் வெள்ளி நிறத்தில் படுத்திருக்கும் பேட்டரியின் ஓரத்தில் இருக்கும் கொக்கியை நகத்தால் தள்ளினால் அது மேலே எழும்பும். அதன்மேல் சிஆர்2032 என்று எழுதியிருக்கும், கைக்கடிகாரம் பழுது பார்க்கும் கடையில் கிடைக்கும். கூட்டல் குறி மேலே தெரியும்படி புதியதை வையுங்கள். முதல்முறை கம்ப்யூட்டரைப் போட்டதும் தேதியை இன்னொரு தரம் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.